நீ அமுக்கிய மணி

தம்பி,

போன வாரம் நீ போனில் சொன்னதற்கு நான் "சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். அந்தச் "சரிப்பா"வைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் என் காதில் இருக்கிறது. "ரிஜிஸ்டர் மேரேஜ்தாம்மா. அவுக வீட்ல நாலு பேரு, ஆபீஸ்ல நாலு பேரு, அம்புட்டுத்தான். அக்காவ வச்சுக்கிட்டு புனே வரைக்கும் அலைய வேணாம். முடிச்சுட்டு நாங்களே ஒரு நாள் வாரோம்." குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. பேங்க் கவுண்டரில் பேசுவதுபோல அவ்வளவு மரியாதை. பெற்ற பிள்ளை அம்மாவிடம் அத்தனை மரியாதையாகப் பேசினால், அந்த அம்மா எங்கோ பெரிதாக ஒன்றை உடைத்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என் வாய் "சரிப்பா" என்றது. நீ வைத்துவிட்டாய். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உனக்கு மட்டும் தபாலில் அனுப்பியிருக்கலாம். தெரிந்தவர் ஒருவர் சின்னதாக ஒரு பத்திரிகை நடத்துகிறார், பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே நேரம் என்று தட்டிக்கழித்துவந்தேன். இப்போது நானே கேட்டு வாங்கி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. உனக்குப் பத்து வயதில் நாலு பேர் முன்னால் வைத்து உன்னை ஒரு சொல் சொன்னேன். அதை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது எனக்கு வசதி, உனக்கு நியாயம் இல்லை. உன் பெயரை எங்கேயும் போடவில்லை, பயப்படாதே.

கோரிப்பாளையத்து வீடு உனக்கு ஞாபகம் இருக்கும். தர்காவுக்குப் பின்னால் சந்தில், கீழே ஹாலும் அடுப்படியும் அக்கா படுக்கிற அறையும், மாடியில் ஒற்றை அறையும். மாடி உன்னுடையது. அக்காவுக்கு அப்போது பதிமூன்று வயது. வலிப்பு எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், வயிற்றிலிருந்து என்னமோ மேலே ஏறுகிற மாதிரி இருக்கும் என்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் நாம் ஓடிப்போய்ப் பிடித்தால் அடிபடாமல் தப்பிப்பாள். ஆனால் சிக்னலில் பஸ்காரர்கள் அடிக்கிற ஹாரனில் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாலே கேட்காது. ஒருமுறை கேட்காமல் போய் கட்டில் விளிம்பில் விழுந்து நெற்றியில் ஐந்து தையல் போட்டோம். அன்றைக்கு உன் அப்பா, வாழ்க்கையில் என்னைத் திட்டாத மனுஷன், "நீ ஊருக்கெல்லாம் மெஷின் செய்ற, வீட்ல ஒரு பெல்லுக்கு வழியில்லையா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அப்போது நான் வேலை பார்த்த சின்ன கம்பெனிக்கு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி வேலை வந்திருந்தது. ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு பட்டன், நர்ஸ் உட்காரும் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், எந்தப் பெட்டில் அமுக்கினாலும் அங்கே மணி அடித்துப் பெட் நம்பர் வர வேண்டும். அதற்கான புரோகிராம் எழுதுவது என் பொறுப்பு. அதையே சின்னதாக வீட்டில் முதலில் செய்து பார்ப்போம் என்று ஆபீஸில் தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஹாலில் சாப்பாட்டு மேஜைக்குக் கீழே வைத்தேன். அக்கா கட்டிலில் ஒரு பட்டன். அவ்வளவுதான் என் திட்டம். நீதான் கம்பி இழுக்கும்போது கூடவே நின்றுகொண்டு, "எனக்கு இல்லையாம்மா?" என்று கேட்டாய். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இன்னொரு கம்பி செருக இடம் சும்மாதான் இருந்தது. சரி, பிள்ளை ஆசைப்படுகிறான் என்று மாடிக்கும் ஒன்று இழுத்தேன். நீ உன் பட்டன் மேல் பேனாவால் உன் பெயரை எழுதிவைத்தாய். எனக்கு அது விளையாட்டு. உனக்கு விளையாட்டாக இருக்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு உன்னிடம் நானே சொன்னேன்: "அக்கா தூங்கும்போது மாடியிலருந்து கத்தக் கூடாது. எதுனாலும் பெல்ல அமுக்கு, அம்மா வந்துருவேன்."

இப்போது கொஞ்சம் என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் எவ்வளவு சொல்லியும் நீ கம்ப்யூட்டர் படிக்காமல் மெக்கானிக்கல் எடுத்தாய், அதனால் பொறுமையாகப் படி. ஒரு புரோகிராம் ஒரு கம்பியில் செய்தி வருவதற்குக் காத்திருக்கிறது என்றால், அது வரும்வரை தூங்கிவிடும். வேறு எங்கே என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. ஒரே கம்பி என்றால் பரவாயில்லை. இரண்டு கம்பி, எட்டு கம்பி என்றால் ஒன்றின் முன்னால் தூங்கிக்கொண்டு மற்றதைக் கோட்டை விடும். அதற்காக ஒரு ஏற்பாடு இருக்கிறது, செலக்ட் என்று பெயர். நாம் ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும்: இவர்களில் யார் கூப்பிட்டாலும் என்னை எழுப்பு என்று. கொடுத்துவிட்டுத் தூங்கலாம். யாராவது கூப்பிட்டதும் எழுப்பிவிட்டு, பட்டியலையும் நம் கையில் திருப்பித் தரும். இங்கேதான் சூட்சுமம். திரும்பி வருகிற பட்டியலில் கூப்பிட்டவர் பெயர் மட்டும்தான் இருக்கும். கூப்பிடாதவர் பெயர்களை எல்லாம் அடித்துவிட்டுத் தரும். அதனால் ஒவ்வொரு தடவையும் திரும்பத் தூங்கப் போகுமுன் எல்லோர் பெயரையும் முதலிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதவில்லை என்றால், ஒரு தடவை பேசாமல் இருந்தவன் அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் கேட்கவே கேட்காது. மெஷின் பழுதில்லை, கம்பி பழுதில்லை. அவன் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

நான் பட்டியலை ஒரே ஒரு தடவை, ஆரம்பத்தில் எழுதினேன். திரும்ப எழுதவில்லை. கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு. ஆபீஸில் நாற்பது பேருக்கு இதையே வகுப்பெடுத்தவள் நான் செய்தேன்.

கம்பியைச் சோதிக்க வேறொரு குட்டிப் புரோகிராம் வைத்திருந்தேன், அதில் இரண்டு மணியும் ஒழுங்காக அடித்தன, திருப்தியாகிவிட்டேன். அதன் பிறகு தினமும் என் வழக்கம் என்ன தெரியுமா? காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டரைப் போடுவேன். காபி ஆற்றுவதற்கு முன்னால் அக்கா அறைக்குப் போய் அவள் பட்டனை ஒரு தடவை அமுக்குவேன். ஹாலில் மணி அடிக்கும். இன்றைக்கு இவளுக்குப் பாதுகாப்பு என்று நிம்மதியாகக் காபி குடிப்பேன். அந்த ஒரு அமுக்கில், தினமும் காலையில், உன் பெயரை என் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தேன். படியேறி உன் பட்டனையும் ஒரு தடவை அமுக்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பதினாலு படி. ஒரு நாளும் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் அக்காவுக்கு இரண்டு தடவை வலிப்பு வந்து, மாத்திரையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா வாடிப்பட்டியில், உரக்கடையில். மத்தியானம் நீ அரை நாள் ஸ்கூல் முடிந்து வந்தாய். சாப்பாடு வேண்டாம், வயிறு வலிக்கிறது என்றாய். நான் ஸ்கூல் வாசலில் எதையாவது வாங்கித் தின்றிருப்பாய் என்று திட்டினேன். மாடியில் போய்ப் படு, சத்தம் போடாதே, அக்கா தூங்குகிறாள் என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டே படியேறினாய். ஒன்றரை மணியிலிருந்து ஐந்து மணி வரை நான் அந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி வேலையைப் பார்த்தேன். மணி என் காலடியில் இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. நடுவில் ஒரு தடவை, இவன் ஒருத்தன்தான் இந்த வீட்டில் எனக்குத் தொந்தரவு தராத பிள்ளை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பொய் இல்லை, அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன்.

ஐந்து மணிக்கு அப்பா வந்து உனக்கு வாங்கிய பால்பன்னோடு மாடிக்குப் போனார். அவர் என்னைக் கூப்பிட்ட குரல் அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. நீ கட்டிலில் இல்லை, கீழே சுருண்டு கிடந்தாய், உடம்பு நெருப்பாகக் கொதித்தது, பட்டன் கம்பி உன் கையில் சுற்றியிருந்தது. நான் அந்தக் கம்பியைப் பிரித்து எடுத்துத்தான் உன்னைத் தூக்க வழிவிட்டேன். என் விரல்கள் அதைப் பிரித்தன. ஆனாலும் பிறகு அது எனக்கு ஞாபகம் வரவில்லை. மனுஷ மனசு எவ்வளவு கெட்டது பார். அக்காவை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் போனோம். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது, நாலு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் சின்ன ஆபரேஷன் என்றார் டாக்டர். இடுப்பு வரை கிழித்துச் சுத்தம் செய்தார்கள். இரண்டு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள் நீ கண் திறந்து பேசினாய். எனக்குப் பயம் தீர்ந்ததும் கோபம் வந்தது. அது என் பிறவிக் குணம், உனக்குத் தெரியும். நர்ஸ் இருந்தாள், உன் அத்தை இருந்தாள், பக்கத்துப் பெட்டில் கொட்டாம்பட்டிக்காரர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"ஏண்டா, அம்புட்டு வலிய வச்சுக்கிட்டு எதுக்குடா பெல்ல அமுக்காமப் படுத்திருந்த?"

"அமுக்குனேம்மா."

"பொய் சொல்லாத. அமுக்குனா அடிச்சிருக்கும். நான் பக்கத்துலதான இருந்தேன்."

"நெறையா தடவ அமுக்குனேன்."

நான் உன்னைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னேன்: "பாருங்க, திட்டுவேன்னு பயந்துக்கிட்டு எப்பிடிப் பொய் சொல்றான்னு." அத்தை சிரித்தாள். கொட்டாம்பட்டிக்கார அம்மா, பிள்ளைகள் அப்படித்தான் என்றாள். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். தையல் இழுத்திருக்கும், ஆனால் திரும்பினாய்.

இதோடு விட்டேனா? இல்லை. எனக்கு என் மெஷின் மேல் அவ்வளவு நம்பிக்கை. அதை நிரூபிக்க வேண்டும் என்று வேறு தோன்றியது. வீட்டில் ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் போடாமல் கிடந்தது. துணி எடுக்க வந்தவள் அதைப் போட்டேன். அக்கா வீட்டுக்கார அம்மாவிடம் இருந்ததால் வழக்கமான சோதனையைச் செய்யவில்லை. நேராக மாடிக்குப் போய் உன் பட்டனை அமுக்கினேன். கீழே மணி கணீரென்று அடித்தது. அடிக்கத்தான் செய்யும். அப்போதுதான் கண் விழித்த புரோகிராம், பட்டியலில் உன் பெயர் இன்னும் அடிபடாமல் இருந்தது. அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க அக்காவின் மணிதான் செத்துக் கிடந்திருக்கும், நல்லவேளை அவள் அங்கே இல்லை. எனக்கு இது எதுவும் தெரியாது. ஜெயித்தவள்போல ஆஸ்பத்திரிக்கு வந்து உன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன்: "அம்மா சோதிச்சுப் பாத்துட்டேன், நல்லா அடிக்குது. போகட்டும், இனிமே பொய் சொல்லாத."  நீ "சரிம்மா" என்றாய்.

அந்தச் "சரிம்மா"வுக்கு அப்புறம் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசிக்கிறேன். பத்தாம் வகுப்பில் ஷூ கிழிந்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போனது உன் வாத்தியார் சொல்லித்தான் தெரிந்தது. காலேஜ் ஹாஸ்டலில் மஞ்சள்காமாலை வந்து பதினைந்து நாள் கிடந்ததை, எல்லாம் சரியான பிறகு அப்பாவிடம் சொன்னாய். வேலை போய் இரண்டு மாதம் அறையில் சும்மா இருந்தது, அடுத்த வேலை கிடைத்த பிறகு தெரிந்தது. சொந்தக்காரர்களிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், என் மகன் தங்கம், ஒரு கவலை வைக்க மாட்டான், எனக்கு என் மகள் கவலை ஒன்றுதான் என்று. நீ பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். நீ சிரித்துக்கொள்வாய். சத்தம் இல்லாத இடத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தே பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே பொய். உன் ஆபரேஷன் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் அந்த மணியைப் பொருத்திச் சோதனை நடந்தது. அதற்குள் டாக்டர் மருந்தை மாற்றியதில் அக்காவுக்கு வலிப்பு குறைந்து, வீட்டுக் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தோம். சோதனை நடந்த இரண்டாம் நாளே அங்கே இருந்த பெரிய நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "ஒரு பெட் அடிச்சதுக்கப்புறம் மத்த பெட்டெல்லாம் ஊமையாயிருது மேடம்" என்றார். நல்லவேளை, எல்லாம் காலிப் பெட்டுகள். அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். பட்டியலைத் திரும்ப எழுதாத தப்பு. ஒரு வரியை மேலிருந்து கீழே நகர்த்தினேன், பத்து நிமிஷ வேலை. எழுந்து வராந்தாவில் நடக்கும்போது நீ சுவர்ப் பக்கம் திரும்பிய முகம் ஞாபகம் வந்தது. நின்றேன். வீட்டில் இருந்ததும் இதே புரோகிராம்தானே என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும் பரணிலிருந்து எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா ஸ்கூலிலிருந்து போன் வந்தது. ஓடினேன். அதோடு அதை மறந்தேன் என்று சொன்னால் நீ நம்பலாம். நான் மறக்கவில்லை. பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்குப் பாதி தெரிந்துவிட்டது, அதனால் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷம் பார்க்கவில்லை.

அப்பா இருந்தவரை நாம் அவர் வழியாகப் பேசிக்கொண்டோம். அவர் போன பிறகு மூன்று நாள் இருந்து எல்லாக் காரியமும் நீயே நின்று செய்தாய். கிளம்பும்போது அக்கா மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு, மேலே எழுதி ஒட்டிவிட்டுப் போனாய். நான் "பத்திரமாப் போப்பா" என்றேன். அப்பா போய்விட்டாரே, நீ எப்படியடா இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நீ அழவில்லை, அதனால் கேட்கவில்லை.

போன வாரம் நீ போனை வைத்த மறுநாள், மருமகளுக்குக் கொடுக்க நல்லதாக ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு இருந்ததே என்று அக்காவும் நானும் பரணை இறக்கினோம். விளக்குக்குப் பின்னால் அந்தப் பழைய கம்ப்யூட்டர், கம்பிகள், இரண்டு பட்டன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம், போட்டுப் பார்ப்போம் என்று அடம்பிடித்தாள். முப்பத்திரண்டு வயதாகியும் அவள் அடம் குறையவில்லை. தூசி தட்டிப் போட்டேன், அது உயிர் பெற்றதே ஆச்சரியம். அக்கா தன் பட்டனை அமுக்கினாள். மணி அடித்தது. சிரித்தாள். பிறகு உன் பட்டனை எடுத்து அமுக்கினாள். சத்தம் இல்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். இல்லை.  நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"தம்பி பட்டன் எப்பவும் இப்பிடித்தாம்மா."

எப்பவும் என்றால் என்னடி என்று கேட்டேன். சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் விளையாடும்போது அமுக்கிப் பார்த்திருக்கிறீர்கள், அடிக்காதாம். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் என்னைக் கள்ளமில்லாமல் பார்த்துச் சொன்னாள்: "எனக்குத்தான நெசமான பெல்லு. அவனுக்குச் சும்மா வச்சதுன்னு நெனச்சேன்."

நான் உன் பட்டனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உன் பெயர் மங்கலாக இருக்கிறது. மேல் மூடி ஒரு ஓரத்தில் விண்டு, உள்ளே அமுங்கியிருக்கிறது. அக்காவுடையது தினமும் அமுக்கியது, புதிதுபோல இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் மூடி விண்டுபோக ஒரு பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு அழுத்த வேண்டும், எத்தனை தடவை அழுத்த வேண்டும்? மெஷினை அணைத்துவிட்டு, பழைய ஃபைலில் அந்தப் புரோகிராம் தாளைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நீ அமுக்கினாய் தம்பி. நிறைய தடவை அமுக்கினாய். நீ பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான் எழுதியது, அதை நம்பி உன்னைப் பொய்யன் என்றவள் நான். அன்றைக்கு அங்கே இருந்த நர்ஸும் அத்தையும் கொட்டாம்பட்டிக்காரர்களும் இதைப் படிக்கப்போவதில்லை. படிக்கிற மற்றவர்களாவது தெரிந்துகொள்ளட்டும். ஆனால் எனக்கு ரொம்ப வலிப்பது அது இல்லை. கீழே மணி அடிக்கவில்லை என்பது மாடியில் இருந்த உனக்கு எப்படித் தெரியும்? அடிக்கிறது, அம்மாவுக்குக் கேட்கிறது, கேட்டும் வரவில்லை என்றுதானே மூன்றரை மணி நேரம் நினைத்துக்கொண்டு கிடந்திருப்பாய்? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணம் பண்ணப்போகிறாய், அம்மா ஏதாவது புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. என் தப்பை மட்டும் சொல்கிறேன், நீ அதைச் செய்யாதே. உன் பெண்டாட்டி எதுவும் கேட்காமல் இருந்தால் அவளுக்கு எதுவும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதே. நாளைக்கு இரண்டு பிள்ளை பிறந்து, ஒன்று ஓயாமல் அழுது இன்னொன்று சமர்த்தாக இருந்தால், சமர்த்துப் பிள்ளையின் படியை நீ ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது ஏறு. உன் கையில் எவ்வளவு பெரிய நிரூபணம் இருந்தாலும், எதிரில் இருக்கிற ஆள் "நான் கூப்பிட்டேன்" என்று சொன்னால் முதலில் ஆளை நம்பு, மெஷினை அப்புறம் பார்க்கலாம். நீ என்னை மாதிரி இல்லை, உனக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்று தெரியும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அந்தச் செலக்டில் இன்னும் இரண்டு இடம் உண்டு. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது போலவே, நாம் சொல்வதைக் கேட்க யார் தயாராக இருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பார்க்கலாம். எதிர்ப்பக்கம் தயாராக இல்லாதபோது பேச ஆரம்பித்தால் பாதியில் சிக்கி நிற்க வேண்டியதுதான். நீ தயாராக இருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன், உனக்குத் தோன்றும்போது படி, பாதியில் மூடி வைத்தாலும் சரி. இன்னொரு இடம், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று குறிப்பது. இத்தனை நொடிக்குள் யாரும் கூப்பிடவில்லை என்றால் நீயாக எழுந்துவிடு, எழுந்து போய் என்ன ஏது என்று பார் என்று சொல்லிவைக்கலாம். அதில் நான் எதையும் நிரப்பவில்லை. நிரப்பாவிட்டால் யாராவது கூப்பிடும்வரை முடிவே இல்லாமல் தூங்கும். தூங்கினேன்.

எனக்கும் அக்காவுக்கும் ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன். டாக்டரிடம் கேட்டேன், மாத்திரை நேரம் தவறாமல் போட்டால் தாராளமாகப் போகலாம் என்றார். இத்தனை வருஷம் அவளை எங்கேயும் கூட்டிப்போக முடியாது என்று சொன்னது அவளுக்காக இல்லை, என் பயத்துக்காக என்பதும் இப்போதுதான் தெரிகிறது. அவள் புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்துகொண்டிருக்கிறாள். பத்து வயசில் எழுதிய உன் பெயரோடு அந்த விண்டுபோன பட்டனை எடுத்து வருகிறேன். அதை நீ வாங்கிக்கொள்ளலாம், தூக்கி எறியலாம், என் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். சாட்சிக் கையெழுத்துப் போட உனக்கு ஆள் இருக்கும், நாங்கள் ஓரமாக நிற்போம். மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து வரவில்லை. கல்யாணம் முடிந்ததும் கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடுவோம்.

அன்றைக்கு நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய், நான் வரவில்லை. இப்போது நீ கூப்பிடவில்லை. வாரேன்.

அம்மா